அப்பாவின் குடியும் பிள்ளையின் பயமும்: மருத்துவர் பதில்

கேள்வி: கணவர் குடித்துவிட்டு வந்து என்னை அடிக்கிறார். ஏழு வயது மகன்மேல் கை வைத்ததில்லை. ஆனால், மூன்று மாதமாக அவன் மறுபடியும் படுக்கையை நனைக்கிறான். கணவரும் தம் தந்தையிடம் அடிவாங்கி வளர்ந்தவரே. என் மகனும் இப்படி ஆகிவிடுவானா? (வாசகி, தாராவி, மும்பை)

பதில்: அம்மா, முதலில் அவனுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, கிருமித்தொற்றும் சர்க்கரை நோயும் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அவை இல்லையென்றால், பயமே காரணமாக இருக்கக்கூடும். அதற்காக அவனைத் திட்ட வேண்டாம்.

அவன்மேல் அடி விழவில்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது. ஃபெலிட்டி, ஆண்டா ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் 1998-ல் வெளியிட்ட ஆய்வு, தாய் அடிபடுவதையும் வீட்டில் ஒருவர் குடிக்கு அடிமையாக இருப்பதையும் குழந்தைக்கு நேர்ந்த பாதிப்புகளாகவே கணக்கிட்டது. இத்தகைய பாதிப்புகள் கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வு, குடிநோய், இதயநோய் ஆகியவை வரும் வாய்ப்பும் கூடுவதை அது காட்டியது. ஆயினும் இது தலைவிதி அன்று. நிலையாக அன்பு காட்டும் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தாலே பல குழந்தைகள் தேறிவிடுகிறார்கள். சண்டை நடந்த மறுநாள், "நேற்று நடந்ததற்கு நீ காரணம் இல்லை" என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பல பிள்ளைகள் தம்மால்தான் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

கணவரின் குடியை நோயாகக் கருதிச் சிகிச்சை அளிக்க வேண்டும்; ஆனால், அடிப்பதற்கு அதுவே சாக்காகிவிடக் கூடாது. குடியை மறக்கச்செய்யும் மருந்தை அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்துவிடாதீர்கள். அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். நாள்தோறும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு வரலாம். ஆகவே, அவர் தெளிவாக இருக்கும் வேளையில் பேசி, சயான் மாநகராட்சி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.

இதை நீங்கள் ஒருவராகவே சுமக்க வேண்டியதில்லை. உங்கள் சந்தில் நம்பிக்கையான ஒரு வீட்டாரிடம் இப்போதே சொல்லிவைத்து, சத்தம் கேட்டால் அவன் அங்கே ஓடலாம் என்று அவனுக்கும் சொல்லிக்கொடுங்கள். வகுப்பு ஆசிரியையிடமும் சுருக்கமாகத் தெரிவியுங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005-ன்படி, கணவருடன் வாழும் வீட்டிலேயே தொடர்ந்து வசிக்க உங்களுக்கு உரிமை உண்டு. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 ஆகிய உதவி எண்கள் இருக்கின்றன. கணவர் உங்கள் கழுத்தை ஒருமுறை நெரித்தாலும், மகன்மேல் கை ஓங்கினாலும், விடியும்வரை காத்திராமல் அவனை அழைத்துக்கொண்டு நீங்கள் சொல்லிவைத்த வீட்டுக்குப் போய், அவசர உதவி எண்ணான 112-ஐ அழையுங்கள்.