ஏரிக்கரை நாணலும் கோ 86032ம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உயிரித் தொழில்நுட்பம் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் அப்பா மூன்று ஏக்கரில் கரும்பு வைத்திருக்கிறார். அத்தனையும் கோ 86032 ரகம்தான்.

கரும்பின் மரபணுத்தொகுதியை 2024இல்தான் விரிவாகப் படித்து வெளியிட்டார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அப்பா கேட்டார்: “மனுசனுக்கு 2003லேயே படித்து முடித்தாகிவிட்டது என்று சொன்னாயே, ஒரு பயிருக்கு அதற்குமேல் இருபது வருஷமா? கோயம்புத்தூரில் நூறு வருஷத்துக்கு முன்னால் இது எதையும் படிக்காமல்தானே நல்ல கரும்பு கொடுத்தார்கள்? இப்போது படித்து என்ன ஆகப்போகிறது?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கரும்பும் நாணலும் உறவு என்று நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். எங்கள் ஏரிக்கரை நாணலை ஆண்டுதோறும் கொளுத்திவிடுகிறார்கள். அதற்கும் எங்கள் வயலில் நிற்கும் கரும்புக்கும் உண்மையிலேயே உறவு உண்டா? இந்தத் துறையில் மேலே படிக்கலாமா என்ற தயக்கமும் இருக்கிறது. அப்பாவுக்கும் புரியும்படி எழுதினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு வாசகர்
விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள தம்பி,

நாணலைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் அப்பாவுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

உறவுதான். ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை, நேர்ப் பாட்டன். கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கிய 1912ஆம் ஆண்டில் அங்கிருந்த ஆய்வாளர்கள் சி. ஏ. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் இரண்டு செடிகளைச் சேர்த்தார்கள். தாய், ‘வெள்ளை’ என்று நம் மக்கள் அழைத்த தடித்த, சாறு மிகுந்த கரும்பு. தந்தை, கோயம்புத்தூர்ப் பக்கம் தானாக வளர்ந்து நின்ற நாணல். மெலிந்த தண்டு, இனிப்பென்று சொல்ல எதுவும் கிடையாது. ஆனால் வறட்சியையும் தாங்கும், வெள்ளத்தையும் தாங்கும், வெட்ட வெட்டத் தழைக்கும். இந்தக் கலப்பில் பிறந்த கோ 205, 1918இல் பஞ்சாப் உழவர்களுக்குப் போனது. பட்டினத்தார் கையிலிருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் இனித்தது என்று நம் ஊரில் சொல்வார்கள். அது எந்தச் செடியாகவும் இருக்கட்டும், கோ 205ஐப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதை நினைவுக்கு வந்துவிடுகிறது.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இதை அப்பாவோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். மனிதரானாலும் நெல்லானாலும் பிள்ளைக்குத் தாயிடமிருந்து பாதி குரோமோசோம்கள் (மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்), தந்தையிடமிருந்து பாதி. வெள்ளைக்கு 80. கோயம்புத்தூர் நாணலுக்கு 64. அப்படியென்றால் பிள்ளைக்கு 40ம் 32ம் சேர்ந்து 72 இருக்க வேண்டும். கோ 205இல் இருப்பவை 112. தந்தை முறைப்படி 32ஐக் கொடுத்தது. தாய் தன்னிடமிருந்த 80ஐயும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டது! தடித்த கரும்பு தாயாகவும் நாணல் தந்தையாகவும் அமையும்போது இப்படி நடக்கிறது என்பதை ஜாவாவில் பிரெமர் என்ற டச்சு ஆய்வாளர் 1920களில் நுண்ணோக்கியின் கீழ் எண்ணிக் காட்டினார். தாயின் இனிப்பு கலப்பில் கரைந்துபோகாமல் நின்றதற்கு இது ஒரு பெரிய காரணம்.

1912இல் பார்பருக்கும் வெங்கட்ராமனுக்கும் இது தெரியாது. மரபணு டி.என்.ஏ.வால் ஆனது என்பதற்கே 1944இல்தான் சான்று கிடைத்தது. கண்ணால் பார்த்தார்கள், நாக்கால் சுவைத்தார்கள், ஆயிரக்கணக்கில் நாற்று வளர்த்து ஒவ்வொன்றாகக் கழித்தார்கள். உங்கள் அப்பா சொல்வது சரி. படிக்காமல்தான் செய்தார்கள். அந்தக் கைத்திறனைக் குறைத்துப் பேசுகிற யாரோடும் நான் சேர மாட்டேன்.

ஆனால் அவர்கள் செய்தது எத்தனை சிக்கலான காரியம் என்பதைப் பின்னால் வந்தவர்கள் படிக்க முயன்றபோதுதான் உலகம் உணர்ந்தது. இருபது வருஷத் தாமதத்துக்கும் அதுவே காரணம்.

முதலில் ஒரு சிறு திருத்தம். மனித மரபணுத்தொகுதி முடிந்துவிட்டதாக 2003இல் அறிவித்தார்களே தவிர, ஏறத்தாழ 8 விழுக்காடு படிக்கப்படாமலே கிடந்தது. அந்த இடைவெளிகள் அடைபட்டது 2022இல். டி.என்.ஏ.வை ஒரு நூலாக நினைத்துக்கொண்டால், மனிதருக்கு ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். கரும்புக்கு ஏறத்தாழ 1000 கோடி. அளவு மட்டும் சிக்கல் என்றால் பணத்தைக் கொட்டி முடித்திருக்கலாம். பிரதிகள்தான் சிக்கல். நம் ஒவ்வொருவரிடமும் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. கரும்பில் பத்து, பன்னிரண்டு இருக்கும்.

ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நம் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நூலுக்கு ஊர் ஊராகப் போய்ப் பன்னிரண்டு பிரதிகள் திரட்டுகிறார்கள். ஒவ்வொன்றிலும் அங்கங்கே பாடபேதம். சுவடிகள் தனித்தனிக் கட்டுகளாக இருக்கும்வரை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். யாரோ பன்னிரண்டையும் கிழித்து, நாலு சொல் அளவுள்ள துண்டுகளாக ஒரே கூடையில் கொட்டிவிட்டால்? எந்தத் துண்டு எந்தப் பிரதியைச் சேர்ந்தது? பாடபேதம் உள்ள இடம் கையில் கிடைத்தால் பிழைத்தோம். பல பக்கங்கள் பன்னிரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும்போது என்ன செய்வது? மனித மரபணுத்தொகுதியைப் படித்த காலத்துக் கருவிகள் ஒரு வீச்சில் 500 முதல் 800 எழுத்துகள் வரைதான் படித்தன. அதை வைத்துக் கரும்பின் பிரதிகளைப் பிரிக்க வழியே இல்லை. ஒரே வீச்சில் பதினைந்தாயிரம் எழுத்துகளை ஏறக்குறையப் பிழையின்றிப் படிக்கும் கருவிகள் வந்த பிறகுதான் கூடைத் துண்டுகள் ஏடுகளாகச் சேரத் தொடங்கின.

அதுவரை ஆய்வாளர்கள் கைகட்டி நிற்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் போனார்கள். சோளம் கரும்புக்கு மிக நெருங்கிய உறவு. அதன் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 73 கோடி எழுத்துகள்தான், பிரதிகளும் இரண்டுதான். அது 2009இல் வெளிவந்தது. புல் குடும்பத்தில் மரபணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் வரிசை பெரும்பாலும் மாறவில்லை. நெல், சோளம், கரும்பு எல்லாமே ஒரு மூதாதையின் வீட்டு அலமாரியை அதே அடுக்கில் வைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன பிள்ளைகள் என்று சொல்லலாம். ஆகவே சோளத்தின் வரிசையை வழிகாட்டியாக வைத்து, 2018இல் கரும்புக்கு ஒரு முதல் வரைபடம் போட்டார்கள். அதே ஆண்டு சீன ஆய்வாளர்கள் நாணலின் மரபணுத்தொகுதியைத் தனியே படித்து வெளியிட்டார்கள். ஓர் உயிரைப் படிக்க இன்னோர் உயிர் துணை வருவது என்னை என்றைக்கும் நெகிழ வைக்கும் விஷயம். நம் மானாவாரிக் காட்டுச் சோளம் கரும்பு ஆராய்ச்சிக்குக் கைவிளக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் வகுப்பில் சொன்ன 2024ஆம் ஆண்டு வேலை, ரீயூனியன் தீவில் உருவான ஆர் 570 என்ற ரகத்தைப் பற்றியது. பிரான்ஸ், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்தது. ஏறத்தாழ 870 கோடி எழுத்துகளை ஒழுங்காக அடுக்கிவிட்டார்கள். மீதியில் பெரும்பகுதி, எழுத்துக்கு எழுத்து ஒத்திருப்பதால் பிரித்துக் காட்ட முடியாத பிரதிகள். சுவடி உவமையில் சொன்னேனே, அதே கதை.

அதைப் படித்ததில் தெரிந்த ஒன்றை உங்கள் ஏரிக்கரையோடு சேர்த்து யோசியுங்கள். இன்றைய கரும்பின் உடம்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு பழைய இனிப்புக் கரும்பினுடையது. நாணலின் பங்கு 10 முதல் 20 விழுக்காட்டுக்குள். கோ 205க்குப் பிறகு, இனிப்பைக் கூட்டுவதற்காக மறுபடி மறுபடி இனிப்புக் கரும்போடே சேர்த்ததால் நாணலின் பங்கு குறைந்துகொண்டே வந்தது. அந்தச் சிறு பங்குதான் கரும்புக்குத் தாங்கும் சக்தியையும், நோய் எதிர்ப்பையும், வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு விட்டுத் தழைக்கும் குணத்தையும் கொடுத்தது. அந்தப் பங்குகூட உலகம் முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாணல் செடிகளிலிருந்து வந்தது. ஜாவாவில் சில, கோயம்புத்தூரில் சில. காடும் கரையுமாக ஆசியா முழுக்கப் பரவிக் கிடக்கிற ஒரு புல்லிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது ஒரு பிடி.

நாணல் ஒரே மாதிரி இல்லை என்பதைக் குரோமோசோமை எண்ணிப் பார்த்துச் சொன்னவர்களில் ஜானகி அம்மாள் முக்கியமானவர். தலைச்சேரியில் பிறந்து, சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்று, 1934இல் கோயம்புத்தூர் கரும்பு நிலையத்துக்கு வந்தவர். கரும்பை மக்காச்சோளத்தோடு சேர்த்துப் பார்த்தார். அதே நிலையத்தில் வெங்கட்ராமன் சோளத்தோடும் மூங்கிலோடும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை துணிச்சலான காலம்! நாணலில் 40 குரோமோசோம் உள்ள செடியும் உண்டு, 128 உள்ள செடியும் உண்டு. பார்வைக்கு ஒரே புல்லாகத் தெரியும். ஒரு நுண்ணோக்கியும் கண்ணாடிச் சில்லும் சாயமும் வைத்துக்கொண்டு, வேர் நுனியைத் தட்டையாக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட பொடிக் கோடுகளை ஒருவர் எண்ணியிருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். 1945இல் ஆங்கிலேய ஆய்வாளர் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய பயிர்ச்செடிகளின் குரோமோசோம் தொகுப்பு உலகம் முழுக்கப் பயன்பட்டது. கடைசிக் காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டே 1984இல் மறைந்தார். நம் பள்ளிப் பாடங்களில் அவருக்கு இன்னும் பெரிய இடம் வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இனி, “படித்து என்ன ஆகப்போகிறது” என்ற கேள்வி.

மரபணுத்தொகுதியைப் படித்தாகிவிட்டது, இனி விளைச்சல் இரட்டிப்பு என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. வரும் பட்டத்தில் அப்பா நடப்போகும் கரணையில் (கரும்புத் துண்டில்) எந்த மாற்றமும் இராது. அவரிடம் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஆனால் 671ஐப் பற்றி அவரிடம் கேளுங்கள். கடலூரில் உருவான கோ.சி. 671. உங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கட்டாயம் நினைவிருக்கும். அப்படியொரு சர்க்கரைச் சத்துள்ள கரும்பு! செவ்வழுகல் நோய் அதைச் சாய்த்தது. உங்கள் வயல் கோ 86032க்கு அந்த 671 ஒரு பெற்றோர். வடக்கே உத்தரப் பிரதேசத்திலும் இதே கதை நடந்தது. கர்னாலில் உருவாகி 2009இல் வெளிவந்த கோ 0238 அங்கே கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தது. ஆலைகளும் உழவர்களும் மகிழ்ந்திருந்த வேளையில் செவ்வழுகல் வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? கரும்பை விதையால் நடுவதில்லை, கரணையால் நடுகிறோம். அப்பாவின் மூன்று ஏக்கரில் நிற்கும் அத்தனை கரும்பும், பக்கத்து ஊர்க் கரும்பும், ஈரோட்டுக் கரும்பும், கோ 86032 என்றால் எல்லாம் ஒரே செடி. 1986ஆம் ஆண்டு வரிசையில் 32ஆவதாக எண் பெற்ற ஒரே ஒரு நாற்றின் துண்டுகள். ஒரு பூட்டைத் திறக்க நோய்ப் பூஞ்சை கற்றுக்கொண்டால் எல்லா வீடும் திறந்துவிடும். மாற்று ரகம் வேண்டுமென்றால் கலப்புச் செய்த நாளிலிருந்து உழவர் கைக்கு வர 12 முதல் 15 ஆண்டுகள். ஒரே பூவில் விளைந்த விதைகளில் ஒன்று போல் ஒன்று இருக்காது. ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, வெட்டி, மறுதாம்பு பார்த்து, நோய் கொடுத்துப் பார்த்துத்தான் தேற வேண்டும்.

வரைபடம் உதவுவது இந்த இடத்தில்தான். ஆர் 570 பழுப்புத் துரு நோயைப் பல ஆண்டுகளாகத் தாங்கி நிற்கிறது. எந்த இடத்து மரபணுக்கள் அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பதை 2024இல் சுட்டிக்காட்ட முடிந்தது. இப்படி இடம் தெரிந்துவிட்டால், நாற்று விரல் அளவு இருக்கும்போதே ஓர் இலைத் துண்டைக் கிள்ளி, அந்தக் குணம் உண்டா இல்லையா என்று பார்த்துவிடலாம். தேறாதவற்றுக்காக ஆண்டுக்கணக்கில் வயலும் தண்ணீரும் செலவிட வேண்டாம். செவ்வழுகலுக்கும் இப்படிச் செய்ய முடிந்தால், ஒரு ரகம் சாயும்போது அடுத்தது தயாராக நிற்கும். 671 சாய்ந்தபோது அதற்கு இந்த வசதி இல்லை. அப்பாவுக்கு இதுவே போதும் என்று நினைக்கிறேன். வயல் இழப்பைப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

வரைபடம் இல்லாத குணத்தைக் கொண்டுவந்து தராது. இருக்கிற குணத்தைத்தான் காட்டும். அது நாணலில் இருக்கிறது. கண்ணூரில் கரும்பு இனங்களின் உலகத் தொகுப்பு ஒன்றைப் பல பத்தாண்டுகளாகக் காத்து வருகிறார்கள். அமெரிக்காவில் மியாமியில் இன்னொன்று. கோயம்புத்தூரில் நாணல் தொகுப்பு தனியே உண்டு. இவற்றுக்கு ஆண்டுதோறும் ஆட்களும் பணமும் ஒதுக்கப்பட வேண்டும். புதுக் கருவி வாங்கினால் படம் எடுத்துப் போடுகிறார்கள். நாணல் பாத்தியில் களை எடுப்பவரை யாரும் படம் எடுப்பதில்லை. நாணல் நிலத்தடித் தண்டிலிருந்து மறுபடி தழைத்துவிடும், ஒரு தீயால் அழியாது. கரையைச் சிமெண்டால் பூசினால், மண்ணை வாரினால் போய்விடும். எந்த ஏரிக்கரையில் எந்தக் குணம் நிற்கிறது என்பதை எண்ணியும் படித்தும் பார்க்க ஆள் வேண்டும்.

மேலே படிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். படியுங்கள். இந்தத் துறையில் கணினி தெரிந்தவர்கள் நிறைய வருகிறார்கள். கரணையில் பரு எது, சோகை உரிப்பது எதற்கு என்று தெரிந்து வருகிறவர்கள் மிகக் குறைவு. உங்களுக்கு இரண்டும் கைவரும்.

வாய்ப்புக் கிடைத்தால் அப்பாவையும் அழைத்துக்கொண்டு கோயம்புத்தூர் வீரகேரளத்தில் இருக்கும் நிலையத்துக்கு முன் அனுமதி பெற்றுப் போய்வாருங்கள். அக்டோபர் கடைசி, நவம்பரில் போவது நல்லது. அப்போதுதான் கரும்பு பூத்திருக்கும். கலப்புக்குக் கட்டிவைத்த பூக்களை அருகில் பார்க்கலாம். வெங்கட்ராமன் காலத்தில் செய்ததுபோலவே இன்றும் விடியற்காலையில் மகரந்தம் தட்டுகிறார்கள்.

அன்புடன்.