எச்சிலை வைத்து ஈறு நோய் கண்டுபிடிக்க முடியுமா? ஈறு மருத்துவரிடம் கேளுங்கள்

டாக்டர், எச்சிலைத் துப்பினால் ஈறு நோய் இருக்கிறதா என்று தெரியுமாமே. நிஜமா, வியாபாரமா?

நிஜம்தான், வியாபாரமும் உண்டு. பல்லோரத்தில் கிருமிப் படலம் சேர்ந்ததும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அங்கே குவிகின்றன. அவை எம்எம்பி-8 என்ற நொதியை வெளிவிடும். கிருமியை ஒழிக்க வந்த படைதான், ஆனால் பல்லை எலும்போடு பிடித்திருக்கும் கொலாஜன் நாரையும் இந்த நொதி சேர்த்து அறுத்துவிடுகிறது. அது ஈறு இடுக்கிலிருந்து கசிந்து எச்சிலில் கலக்கும். ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சியிலிருந்து இதற்கு ஒரு சோதனைப் பட்டை வந்திருக்கிறது. வாயைக் கொப்பளித்த நீரில் பட்டையை நனைத்தால், கர்ப்பச் சோதனை அட்டை மாதிரி சில நிமிடங்களில் கோடு விழும். செயல்படும் எம்எம்பி-8 ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினால் பாசிட்டிவ்.

அப்போ கம்பியால் குத்திப் பார்க்கிற வேலை இனி இல்லையே?

ஆசைப்படாதீர்கள்! எச்சில் என்பது 32 பல்லின் கசிவும் ஒன்றாகக் கலந்த நீர். எந்தப் பல் என்று அது சொல்லாது, எவ்வளவு எலும்பு கரைந்தது என்றும் சொல்லாது. ஈறு இடுக்கின் ஆழத்தை அளக்க அந்தக் கம்பியில் மில்லிமீட்டர் கோடுகள் உண்டு. 3 வரை சரி. 4, 5 என்று இறங்கி ரத்தமும் வந்தால் அங்கே ஈறு பல்லைவிட்டு விலகிப் பை உருவாகிவிட்டது. எலும்புக்கு எக்ஸ்ரே வேண்டும். இன்னொன்று: பத்து வருடம் முன்பு எலும்பைக் கரைத்து இப்போது அடங்கிய நோயில் எச்சில் சுத்தமாக இருக்கலாம், பை மட்டும் ஆழமாகவே இருக்கும். இன்றைக்கு அழிவு நடக்கிறதா என்பதற்குத்தான் எச்சில். இதுவரை என்ன போனது என்பதற்குக் கம்பியும் எக்ஸ்ரேவும்.

சார், சிகரெட் பழக்கம் உண்டு. ஆனா ஈறில் ஒரு பொட்டு ரத்தம் வந்ததில்லை. நான் சேஃப்தானே?

உங்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருந்தாலும். ஜப்பானில் எச்சிலில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. ரத்தத்தை நம்பும் எந்தச் சோதனையும் உங்கள் விஷயத்தில் ஏமாற்றலாம். நேரில் வந்து ஆழம் அளந்துகொள்ளுங்கள்.

ஆன்லைனில் எச்சில் டிஎன்ஏ கிட் விற்கிறார்கள். எந்தக் கிருமி என்று சொல்லுமாம். வாங்கலாமா?

காசை மிச்சம் பிடியுங்கள். முக்கியக் குற்றவாளியான போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் ஆரோக்கியமான வாயிலும் சில பேருக்கு இருக்கும். பெயர் தெரிந்தாலும் பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை ஒன்றுதான்: காரையை எடுப்பது, வேரைச் சுத்தம் செய்வது, வீட்டில் ஒழுங்காகத் துலக்குவது.

அம்மாவுக்குச் சுகர். ஸ்கேலிங்கும் வேர் சுத்தமும் முடிந்தது. மறுபடி எச்சில் டெஸ்ட் எடுப்பதில் பயன் உண்டா?

என்னைக் கேட்டால், எச்சில் சோதனைக்குச் சரியான இடமே இதுதான். முதல் தடவை நோயைப் பிடிப்பதைவிட, சிகிச்சைக்குப் பின் தொடர்ந்து கவனிக்க அது நன்றாக உதவும். ஈறு ஆற நேரம் கொடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் ஆழத்தை மறுபடி அளப்போம், கூடவே பட்டையும் பார்க்கலாம். நொதி இறங்கியிருந்தால் நிம்மதி. இறங்காவிட்டால் எங்கோ ஒரு பையில் காரை மிச்சம், அல்லது சர்க்கரை கட்டுக்குள் இல்லை. ஈறு நோயும் சர்க்கரையும் ஒன்றையொன்று தூண்டும். ஈறு சிகிச்சைக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை அளவு) சராசரியாக 0.4 புள்ளி அளவு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காகச் சுகர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

ஸ்கேலிங் பண்ணினா பல் ஆடும்னு பாட்டி சொல்றாங்க.

ஆடவைத்தது நோய். காரை இத்தனை நாள் முட்டுக்கொடுத்து அதை மறைத்திருக்கும்.

டெஸ்டுக்கு வரும்போது என்ன செய்யக் கூடாது?

வருவதற்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடாதீர்கள், பல் துலக்காதீர்கள். துலக்கினால் ரத்தம் கசிந்து கணக்கு மாறும். பபிள்கம் மெல்ல வேண்டாம், எச்சில் பெருகி நீர்த்துவிடும். சில பிரஷர் மாத்திரைகளும் மனநல மாத்திரைகளும் வாயை உலர்த்தும். மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்து வாருங்கள்.