பணமா நேரமா: வங்கி பி.ஓ, கிளார்க் இரண்டும் கிடைத்தால் எதில் சேரலாம்?

வங்கி வேலைக்கான ஐபிபிஎஸ் தேர்வில் கிளார்க், பி.ஓ (புரொபேஷனரி ஆபீசர், அதாவது அதிகாரி வேலை) இரண்டு பட்டியலிலும் பெயர் வந்துவிட்டது, சம்பளத்தைப் பார்த்தால் பி.ஓ, நேரத்தோடு வீடு திரும்ப வேண்டுமென்றால் கிளார்க் என்கிறார்கள், எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கிளார்க். 2012-ல் சேர்ந்தேன். 2018-ல் அதிகாரியாகப் பிரமோஷன் கைக்கு வந்தபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்தும் பார்க்காமல் போக முடியவில்லை.

சம்பளக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 மார்ச்சில் கையெழுத்தான வங்கி ஊதிய ஒப்பந்தப்படி கிளார்க்கின் தொடக்க பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 24,050 ரூபாய். அதிகாரிக்கு 48,480. சேரும் நாளிலேயே இரண்டு மடங்கு. இதை ‘பணம் என்னங்க பணம்’ என்று தள்ளிவிட்டு அறிவுரை சொல்பவர்களை நம்பாதீர்கள். கல்விக் கடன் தலைமேல் இருந்தால், தங்கை கல்யாணம் பாக்கி இருந்தால், பி.ஓ-வில் சேருங்கள். மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். உங்கள் கேள்வியில் அப்படி எதுவும் இல்லாததால், வீட்டில் உடனடி நெருக்கடி இல்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் முடிவு 2018-ல் எடுத்ததுதான் என்றாலும் விதை விழுந்தது 2016-ல். நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். 10-ம் தேதி காலை ஏழு மணிக்கே எங்கள் கிளை வாசலில் தொடங்கிய வரிசை மாரியம்மன் கோவில் வரை போயிருந்தது. நான் கேஷ் கவுண்டர். முதலில் ஆளுக்கு 4,000 ரூபாய் மாற்றிக் கொடுத்தோம், அப்புறம் 4,500, அப்புறம் 2,000. இடையில் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். நேற்று சொன்ன விதி இன்று இல்லை. திட்டு மட்டும் தினமும் கவுண்டருக்குத்தான். டிசம்பர் 30 வரை இரவு ஒன்பதுக்கு முன்னால் நான் வீடு போன நாள் குறைவு. ஆனால் கேஷ் டேலி ஆனதும் நான் கிளம்பிவிடுவேன். மேனேஜர் அதற்குப் பிறகும் உட்கார்ந்திருப்பார்.

அவர் குண்டூர் பக்கத்துக்காரர். குடும்பம் அங்கே, அவர் இங்கே ஒரு மாடி அறையில். மகள் யூகேஜி படித்தாள். தினமும் எட்டரைக்கு வீடியோ அழைப்பு வரும். போனை ஸ்டாம்ப் பேடின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு வவுச்சரில் கையெழுத்துப் போட்டபடியே பேசுவார். ஒருநாள் அந்தக் குழந்தை ஏதோ தெலுங்குப் பத்யம் சொன்னது. இவர் குனிந்த தலை நிமிராமல் ஊம், ஊம் என்றார். பாதியில் நிறுத்திவிட்டு, “நான்னா, விண்டுன்னாவா?” என்றது. கேட்கிறாயா அப்பா என்று அர்த்தம், அது எனக்கே புரிந்தது. இவர் ஆமாம் ஆமாம் என்று நிமிர்வதற்குள் போன் கட் ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தார். திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த கட்டு வவுச்சரை எடுத்தார். நல்ல மனுஷர். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு என்னவோ போல் ஆகிவிடும்.

2018 ஜூலையில் பிரமோஷன் பட்டியல் வந்தது. எனக்கு ஒடிசாவில் ஒரு கிளை.

அந்த வருடம் மேட்டூரைத் திறந்தது ஜூலை 19. ஜூன் 12-ல் திறந்திருக்க வேண்டும். குறுவை போய்விட்டது, சம்பாவுக்காவது வந்ததே என்று ஊரே வாய்க்கால் கரையில் நின்றது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், இருக்கிறது. அப்பா இறந்தபின் குத்தகைக்கு விட்டிருந்ததை அந்த வருடம்தான் நானே பயிர் வைக்கத் திருப்பி எடுத்திருந்தேன். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த வாரமும் ஆர்டர் வந்த வாரமும் ஒன்று.

ஐந்தரைக்குக் கிளையிலிருந்து கிளம்பினால் ஆறேகாலுக்கு வயலில் நிற்கலாம். பேண்ட்டைக் கழற்றி மோட்டார் கொட்டகையில் மாட்டிவிட்டு, கைலியோடு மடையை வெட்டினேன். முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வரும். வெடித்துக் கிடந்த தரையில் இறங்கும்போது உஸ்ஸென்று ஒரு சத்தம், கூடவே சூடான மண் வாசனை. நண்டு வளை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வரப்பில் நடக்க வேண்டும், விட்டால் பக்கத்து வயலுக்குப் போய்விடும். குதிகாலால் சேற்றை மிதித்து வளையை அடைத்தபோது, இதை அப்பா செய்து பார்த்திருக்கிறேனே தவிர யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை என்று தோன்றியது. இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். மறுநாள் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் யாரும் பாராட்டவில்லை. “தேடி வந்த உத்தியோகத்தை எவனாவது வேண்டாம்பானா தம்பி?” என்ற அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மனைவி கேட்டது அதைவிடக் கஷ்டம். “சரிங்க, வேண்டாம். பாப்பா காலேஜ் போறப்ப என்ன செய்யப்போறோம், அதை மட்டும் சொல்லுங்க.” அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் பாதிப் பதில்தான் இருக்கிறது.

நிலம் கையில் இருப்பவன் பேசும் பேச்சு இது என்று எழுத வருபவர்களுக்கு: உண்மைதான். சொந்த வீடு, வாடகை இல்லை. ஆனால் விவசாயத்தில் சம்பாதித்து அந்தச் சம்பளத்தை ஈடுகட்டினேன் என்று நினைக்க வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் காயவைத்து வா என்பார்கள். மார்கழிப் பனியில் நெல்லைக் குவித்து, தார்ப்பாய் போட்டு, மூன்று ராத்திரி அங்கேயே படுத்து காவல் காத்திருக்கிறேன். வரவு செலவைக் கூட்டிப் பார்த்தால் நல்ல வருடத்தில் கொஞ்சம் நிற்கும், கெட்ட வருடத்தில் சம்பளத்திலிருந்து போகும்.

இழந்ததும் உண்டு. 2023-ல் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் ஐந்து பவுன் என்று நான்தான் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். மூன்றுதான் முடிந்தது. மேளத்தோடு தட்டுகளை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போனதும், அக்கா எதிரே வந்து தட்டை வாங்கினாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நகைப் பெட்டிக்கு முன்னால் இருந்த ஆப்பிள்களை ஓரமாக நகர்த்தி, பெட்டி நன்றாகத் தெரியும்படி வைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தம்பி குறைவாகத் தெரியக் கூடாது என்று. பிரமோஷனை வாங்கியிருந்தால் அந்தத் தட்டில் ஏழு பவுன் வைத்திருப்பேன். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

என்னோடு சேர்ந்த நண்பர் பிரமோஷனை ஏற்று ஒடிசா போனார். இன்று மேனேஜர், தாம்பரத்தில் ஃபிளாட் வாங்கிவிட்டார். அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை, உழைத்து வாங்கியது. அங்கே அவருக்கும் ஞாயிறு உண்டு, இரண்டாவது, நான்காவது சனி உண்டு. நேரமே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் துணி துவைப்பார், தட்கலில் டிக்கெட் கிடைக்குமா என்று பார்ப்பார், மிச்சத்தைத் தூங்கிக் கழிப்பார். “நேரம் இருக்குடா, செலவு பண்ண இடம்தான் இல்ல” என்று ஒருமுறை போனில் சொன்னார். நீங்கள் பணமா நேரமா என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்து எங்கள் வேலையில் அது பணமா ஊரா என்ற கேள்வி. பி.ஓ-வை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். கிளார்க் பெரும்பாலும் மாநிலத்துக்குள்ளேயே இருப்பார். சாயங்காலம் மூன்று மணி நேரம் மிச்சமாகிறது என்பதைவிட அந்த மூன்று மணி நேரம் எந்த ஊரில் மிச்சமாகிறது என்று பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கிளார்க் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பவன், எப்போது போனாலும் சாப்பாட்டு இடைவேளை என்று மீம்ஸ் போடுகிறீர்களே, நகைக்கடன் நாளில் ஒருநாள் கவுண்டருக்குள் வந்து உட்கார்ந்து பாருங்கள். வாரம் ஐந்து நாள் வேலைக்கு அந்த 2024 ஒப்பந்தத்திலேயே சம்மதம் ஆனது. அதற்குப் பதிலாகத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வேலை செய்யவும் ஒத்துக்கொண்டோம். அரசு ஒப்புதல் கொடுத்தால்தான் அது நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு. எல்ஐசிக்கு 2021 மே மாதத்திலிருந்து எல்லாச் சனியும் விடுமுறை, அவர்களைப் பார்த்து யாரும் சோம்பேறி என்பதில்லை. போதாததற்கு இன்சூரன்ஸ் டார்கெட் வேறு. தாலிக்கொடியை அடகு வைக்க வந்து நிற்கும் அம்மாவிடம் பாலிசி எடுங்கள் என்று எந்த முகத்தோடு சொல்வது? இது கிளார்க்குக்கும் உண்டு, அதிகாரிக்கும் உண்டு. அதிலிருந்து தப்பலாம் என்று கிளார்க் வேலைக்கு வராதீர்கள்.

நீங்கள் எந்த ஊர் என்று எழுதவில்லை. போன மாதம் சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை என்ன செய்தீர்கள் என்று நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். அதில் அந்த ஊரில், அந்த ஆட்களோடு மட்டுமே நடக்கக் கூடியது எத்தனை என்று எண்ணுங்கள். பாதி நாள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் பி.ஓ-வில் சேர்ந்துவிடுங்கள், போனை ஒடிசாவிலும் பார்க்கலாம், பணமாவது சேரும். நிறைய இருந்தால் கிளார்க்காக வாருங்கள். சில வருடம் கழித்துத் தேர்வு எழுதி அதிகாரி ஆகும் வழி கிளார்க்குக்கு உண்டு. அதிகாரியாகப் போனவர் நினைத்த நேரத்தில் கவுண்டருக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.