ஹிட்லரிடமிருந்து தப்பியவர்களின் ஜெர்மன் பத்திரிகை – கடிதம்

வணக்கம் சார்,

ஜெர்மன் யூத அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1941-ல் நியூயார்க் வந்த கையோடு 'அவுஃப்பாவ்' என்ற ஜெர்மன் வாரப் பத்திரிகையில் எழுதத் தொடங்கினார் என்று உங்கள் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்கள் ஜெர்மன் மொழியிலேயே பத்திரிகை நடத்தினார்களா? புது நாட்டில் ஒட்டாமல் பழசைப் பிடித்துத் தொங்கத்தானே அது உதவியிருக்கும்?

கே. எஸ்., திருச்சி

அன்புள்ள கே. எஸ்.,

ஜெர்மன் மொழியை ஹிட்லருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வர அவர்களுக்கு என்ன தலையெழுத்தா? அது அவர்கள் வீட்டு மொழி. பிராங்க்ஃபர்ட்டில் ஐம்பது வயதுவரை வக்கீலாக இருந்தவர் கப்பலை விட்டு இறங்கியதும் ஆங்கிலத்துக்கு மாறிவிட முடியாது. படித்த சட்டமும் அங்கே செல்லாது.

1934-ல் ஒரு ஜெர்மன் யூத சங்கத்தின் செய்தி மடலாகத் தொடங்கிய 'அவுஃப்பாவ்' பத்திரிகையை, 1939-ல் ஆசிரியராக வந்த மான்ஃப்ரெட் கேயோர்க்தான் வாரப் பத்திரிகையாக்கினார். நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் தாமஸ் மன் எழுதினார் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள், சரி, ஆனால் எனக்கு விளம்பரப் பக்கங்கள்தான் முக்கியம்: வாடகைக்கு அறை, ஆங்கில வகுப்பு, வேலைக்கு ஆள், ஜெர்மன் பேசும் டாக்டரின் புது முகவரி. புது ஊரில் காலூன்ற வேறென்ன வேண்டும்?

அப்புறம் சட்டச் சிக்கல். 1941 நவம்பரில் வெளிநாட்டில் இருந்த ஜெர்மன் யூதர்களின் குடியுரிமையை நாஜி அரசு பறித்தது. அடுத்த மாதமே போரில் இறங்கிய அமெரிக்கா அதே ஆட்களை எதிரி நாட்டவராக வகைப்படுத்தியது, 1942-ல் மேற்குக் கரையில் இருந்தவர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே வரக்கூடாது என்றது. எந்த நாட்டுக்காரர்களும் இல்லை, ஆனால் எதிரிகள்! நாங்கள் ஹிட்லரின் எதிரிகளய்யா என்று அரசிடம் வாதாடியதும், விதிகளை வாசகர்களுக்குப் புரியவைத்ததும் இந்தப் பத்திரிகைதான். அரெண்டின் முதல் கட்டுரை ஹிட்லரை எதிர்க்க யூதர்களுக்கென்று தனி ராணுவம் வேண்டும் என்றது. பழசில் தொங்குகிறவர்கள் எழுதுகிற விஷயமா இது?

1944-லிருந்து இரண்டு வருடம், ஐரோப்பாவில் நாஜிகளின் யூதப் படுகொலையில் உயிர் பிழைத்தவர்களின் பெயர்ப்பட்டியல்களை வெளியிட்டார்கள். பொடி எழுத்தில் பத்தி பத்தியாகப் பெயர்கள். அந்த வாரம் கட்டுரை யார் எழுதியிருந்தால் என்ன, முதலில் அந்தப் பக்கத்தைத்தானே புரட்டியிருப்பார்கள்.

ஒட்டாமல் போனார்களா என்றால், இல்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தில் வளர்ந்தார்கள், வாசகர்கள் குறைந்தார்கள், 2004-ல் நியூயார்க் பதிப்பு நின்றது. பழைய இதழ்களை, ஜெர்மன் யூதர்களின் வரலாற்று ஆவணங்களைச் சேகரிக்கும் லியோ பேக் நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஜெர்மன் தெரியாவிட்டால் பரவாயில்லை, 1945-ம் வருட இதழ் ஒன்றைத் திறந்து விளம்பரங்களைப் பாருங்கள், பாதி புரிந்துவிடும்.