ஒசாகா தோழிக்கு எப்படி லெட்டர் எழுதறது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில வேலை பாக்கறேன். ஜே.எல்.பி.டி.ங்கற ஜப்பானிய மொழித் தேர்வுல என்4 லெவல் பாஸ் பண்ணிட்டேன், ஆனா சொந்தமா நாலு வரி எழுதச் சொன்னா கை ஓட மாட்டேங்குது. ஒசாகாவுல ஒரு அக்கா பென் ஃப்ரெண்டா கிடைச்சிருக்காங்க, அவங்க இங்கிலீஷ் கத்துக்கறாங்க. என்ன எழுதறதுன்னே தெரியல, ட்ரான்ஸ்லேட் ஆப்ல போட்டு அனுப்பிடலாமா?
– வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: ஆப்ல போட்டு மட்டும் அனுப்பிடாதீங்கம்மா. லெட்டர் அழகாத்தான் போய்ச் சேரும், ஆனா அந்த அக்கா உக்காந்து திருத்தி அனுப்பறது ஆப்போட தப்பை, உங்க தப்பை இல்ல, அப்புறம் உங்களுக்கு அதுல என்ன லாபம்? முதல்ல நீங்களே எழுதுங்க, தெரியாத வார்த்தைக்கு மட்டும் டிக்‌ஷனரி பாருங்க.

கை ஓடலைங்கறதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. ஜே.எல்.பி.டி.ல என்5ல இருந்து என்1 வரைக்குமே விடையைத் தேர்ந்தெடுத்து ஷேட் பண்றதுதான், சொந்தமா எழுதற பகுதியும் கிடையாது, பேசற பகுதியும் கிடையாது. கான்ஜியை, அதான் சீனத்துல இருந்து வந்த அந்த எழுத்துகளை, பாத்தா அடையாளம் தெரிஞ்சா போதும்னு ஆயிடுது, அதனால பேனா எடுத்தாதான் தெரியும், படிக்கத் தெரிஞ்ச எழுத்தெல்லாம் எழுத வரலைன்னு. இதுக்காகவே லெட்டரை ஒருதடவை பேப்பர்ல கையால எழுதுங்க, அப்புறம் போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி, தபால்ல போட்டாலும் சரி.

இன்னொண்ணு, தயவுசெஞ்சு இங்கிலீஷ்ல யோசிக்காதீங்க. நாம ஸ்கூல்ல இருந்தே வெளிநாட்டு மொழின்னாலே இங்கிலீஷ் வழியாப் போய்ப் பழகிட்டோம், ஆனா ஜப்பானிய வாக்கியம் ஓடறது நம்ம வாக்கியம் மாதிரிதான், வினை கடைசியில வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னாடி ஒட்டும். 'மழை வரும்னு நினைக்கிறேன்' அப்படிங்கறதை 'அமே கா ஃபுரு தோ ஒமொய்மஸ்'னு எழுதறீங்கல்ல, அமேன்னா மழை, ஃபுருன்னா பெய்யும், நாம 'னு' போடற அதே இடத்துல அவங்க 'தோ' போடறாங்க, ஒமொய்மஸ்னா நினைக்கிறேன், அப்படியே வரிசை மாறாம வந்து உக்காருது பாருங்க! தமிழ் பேசறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதின்னு நம்ம கிளாஸ்கள்ல போதுமான அளவு சொல்றதில்லங்கறது என் வருத்தம்.

என்ன எழுதறதுன்னா, அங்க லெட்டரை ஆரம்பிக்கறதே பருவத்தை வச்சுத்தான், நாம 'நலம், நலமறிய ஆவல்'னு ஆரம்பிச்ச மாதிரி. மே மாசம்னா அக்னி நட்சத்திர வெயிலைப் பத்தி ரெண்டு வரி, ஜூன்ல அவங்களுக்கு த்ஸுயுங்கற மழைக்காலம், அது எப்படி இருக்குன்னு கேட்டு ஒரு வரி. அடுத்து அன்னைக்கு நீங்க பாத்த ஒரு விஷயம், கடைசியா அவங்ககிட்ட ஒரு கேள்வி. கேள்வி இல்லாத லெட்டருக்குப் பதில் எழுதறது கஷ்டம்ங்க, அதான் பாதி நட்பு ரெண்டாவது மாசமே நின்னு போகுது.

ஆனா உண்மையான பாடம் நீங்க எழுதற லெட்டர்ல இல்ல, அவங்க அனுப்பற பதில்லதான் இருக்கு. அதை ஒருதடவை படிச்சிட்டு மூடி வச்சிடாதீங்க. 'எங்க தெருமுனையில புதுசா ஒரு பேக்கரி திறந்திருக்காங்க, ஆனா நான் இன்னும் போகல'ன்னு அவங்க எழுதியிருந்தா, அடுத்த லெட்டர்ல 'எங்க கம்பெனி பக்கத்துல புதுசா ஒரு பிரியாணிக் கடை திறந்திருக்காங்க, ஆனா நான் இன்னும் போகல'ன்னு அதே அமைப்புல எழுதுங்க. லெட்டருக்கு ரெண்டு வாக்கியம் இப்படி எடுத்தாலே போதும், அங்க நிஜமா புழங்கற நடை உங்க கைக்கு வந்துடும்.

வாக்கியக் கடைசியில 'தெஸ்', 'மஸ்' போட்டு மரியாதையாவே ஆரம்பிங்க, அவங்க சகஜமான நடைக்கு மாறினா நீங்களும் மாறிக்கலாம், ஒரே லெட்டர்ல ரெண்டையும் கலக்க வேண்டாம். லெட்டரை சிவப்பு மையில எழுதாதீங்க, உறவை முறிக்கறதா எடுத்துக்குவாங்கன்னு அங்க ஒரு எண்ணம் இருக்கு. பாதி ஜப்பானியம், பாதி இங்கிலீஷ்னு வச்சுக்கிட்டா அவங்களுக்கும் பயன். எல்லாத்தையும் திருத்தச் சொல்லாம, அர்த்தத்தைக் கெடுக்கற ரெண்டு மூணு தப்பை மட்டும் சொல்லுங்கன்னு கேளுங்க, நீங்களும் அவங்க இங்கிலீஷை அதே அளவுக்குத் திருத்துங்க. பக்கம் முழுக்க அடிச்சுத் திருத்தி வந்தா யாருக்குமே அடுத்த லெட்டர் எழுத மனசு வராது.

புத்தாண்டுக்கு அங்க நெங்காஜோன்னு ஒரு வாழ்த்து அட்டை அனுப்புவாங்க, ஜனவரி 1 அன்னைக்கே கையில கிடைக்கற மாதிரி. ஆனா வீட்ல அந்த வருஷம் துக்கம் நடந்திருந்தா அதை அனுப்ப மாட்டாங்க, முன்கூட்டியே ஒரு கார்டுல தெரியப்படுத்திடுவாங்க. துக்கம் நடந்த வீட்ல அந்த வருஷம் தீபாவளி, பொங்கல்னு கொண்டாடாம விடற நமக்கு இதைப் புரிஞ்சுக்க கஷ்டமே இருக்காது. அப்படி ஒரு கார்டு வந்தா வாழ்த்து அனுப்பாதீங்க, ஆறுதலா நாலு வரி எழுதுங்க.

கேள்வி: எட்டாவது படிக்கற என் பொண்ணு பிரெஞ்சு பென் ஃப்ரெண்டு வேணும்னு கேக்கறா. வீட்டு அட்ரஸ் கொடுக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: வேண்டாம் சார். அவ பிரெஞ்சு டீச்சர்கிட்ட பேசி, அங்க ஒரு ஸ்கூலோட வகுப்புக்கு வகுப்புன்னு லெட்டர் போக்குவரத்து ஏற்பாடு பண்ண முடியுமான்னு கேளுங்க, லெட்டரெல்லாம் ஸ்கூல் அட்ரஸுக்கே வரட்டும். போட்டோ, போன் நம்பர், வீடு இருக்கற ஏரியா எதுவும் எழுத வேண்டாம்னு முதல்லயே சொல்லிடுங்க. வர்ற லெட்டரை நீங்களும் அவகூட உக்காந்து படிங்க, அவளே உங்களுக்குத் தமிழ்ல அர்த்தம் சொல்லட்டும்.