விடுமுறை எடுத்தும் தீராத களைப்பு: ஓர் ஆசிரியையின் கேள்வி

கேள்வி: 12 ஆண்டுகளாகக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். இப்போதெல்லாம் ஞாயிறு மாலையானாலே வயிற்றைப் பிசைகிறது. பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் எரிச்சல் வருகிறது. இரவு வரை நோட்டுத் திருத்துகிறேன். ஒரு வாரம் லீவு போட்டும் தெளியவில்லை. இந்த வேலை எனக்கு ஒத்துவராதோ?

பதில்: எரிச்சல் வருவதைக் குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில்லாதவருக்கு அந்த உறுத்தலே வராது, அம்மா.

இது பணிச்சோர்வு. சக்தி வற்றிப்போவது, வேலைமேல் மனம் கசந்துபோவது, செய்வதில் பலனில்லை என்று தோன்றுவது என இதற்கு மூன்று அடையாளங்களை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வகுத்தது. இதை நோய் என்று சொல்லவில்லை. நாள்பட்ட வேலை அழுத்தத்தின் விளைவு என்றது. லீவு முடிந்து திரும்பினால் அதே நோட்டுக் கட்டுதானே காத்திருக்கிறது? சுமை குறையாமல் களைப்பு எப்படித் தீரும்?

அந்தக் கட்டிலிருந்தே தொடங்குங்கள். 45 நோட்டு, ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் 3 மணி நேரம். அடுத்த முறை சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு வாசித்துக்கொண்டே போங்கள். பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் பலர் தொகுதியோடு தொகுதி, பகுதியோடு பகுதி கூட்டி 2/5 என்று எழுதியிருப்பார்கள். அதற்கான ஒரே திருத்தத்தை இருபது நோட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தப் பிழையைத் தாளில் ஒருமுறை குறித்துக்கொண்டு, மறுநாள் முதல் பத்து நிமிடம் கரும்பலகையில் விளக்குங்கள். அவரவர் பிழையை அவரவரே திருத்தட்டும். பிழை மனதில் பதியவும் அதுவே நல்ல வழி. தலைமையாசிரியரிடம் முன்பே பேசிவிடுங்கள், முடிந்தால் சக ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து. சுமையைக் குறைக்கும் பொறுப்பு பள்ளிக்கும் உண்டு. உங்கள் மன உறுதியைச் சோதிக்கும் விஷயமாக இதை யாரும் ஆக்கக் கூடாது.

வகுப்பில் குரல் உயரப்போகிறது என்று தெரிந்தால், பலகைப் பக்கம் திரும்பித் தேதியை மெதுவாக எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை மூச்சை நீளமாக விடுங்கள். அந்தச் சில நொடிகளே பெரிய உதவி.

வேலையை விடுவதா என்பதை இப்போது முடிவுசெய்யாதீர்கள். களைத்த மனத்துக்கு எல்லாமே ஒத்துவராததாகத்தான் தெரியும். ஒரு பருவம் சுமையைக் குறைத்துப் பார்த்துவிட்டு யோசியுங்கள்.

ஆனால் தூக்கமும் பசியும் கெட்டு, பிடித்தது எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரம் கடந்தால் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.