சளி எங்கிருந்து வருகிறது என்று குழந்தை கேட்டால்

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. போன வாரம் சளி பிடித்தபோது, "அம்மா, மூக்குல இவ்ளோ சளி எங்க இருந்து வருது? மூக்குக்கு எதுக்கு ரெண்டு ஓட்டை? சாப்பாடு ஏன் ருசியே இல்ல?" என்று விடாமல் கேட்டாள். தப்பாகவும் சொல்லக் கூடாது, அவளுக்குப் புரியவும் வேண்டும். எப்படிச் சொல்வது?

பதில்: சளியிலிருந்தே தொடங்குங்கள். "சீ, அசிங்கம்" என்று நாம் சொல்லிச் சொல்லியே குழந்தைகள் அதை அழுக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது அழுக்கு இல்லை, அழுக்கைப் பிடிக்கிற காவல்.

மூக்கின் உட்சுவரில் இருக்கும் மெல்லிய சவ்வுதான் சளியைச் சுரக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 லிட்டர் சுரக்கும். நமக்குத் தெரியாமலே அதை விழுங்கிக்கொண்டிருக்கிறோம். மூச்சுக்காற்றில் வரும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். சவ்வின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்முடிகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் அசைந்து, அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். வயிற்றுக்குப் போனதும் அங்குள்ள அமிலம் பெரும்பாலான கிருமிகளை அழித்துவிடும்.

மகளிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். ஒரு விரலை மட்டும் தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். பிறகு அந்த விரலையும் உலர்ந்த விரலையும் மாவில் தொடச் சொல்லுங்கள். எதில் நிறைய ஒட்டுகிறது என்று அவளே பார்ப்பாள். "உன் மூக்கும் உள்ள இப்படித்தான் ஈரமா இருக்கு. தூசி வந்தா புடிச்சு வச்சுக்கும். இப்ப கிருமி நிறைய வந்துடுச்சு, அதான் மூக்கு நிறையச் சளி செய்யுது" என்றால் போதும். அழும்போது ஏன் மூக்கு ஒழுகுகிறது என்று அடுத்த கேள்வி வந்தால், அதற்கும் பதில் இருக்கிறது: கண்ணின் ஓரத்திலிருந்து மூக்குக்குள் ஒரு சின்னக் குழாய் போகிறது, கண்ணீரில் கொஞ்சம் அந்த வழியாக இறங்கிவிடும்.

இரண்டு ஓட்டைகளுக்கு ஒரு சின்னக் கண்ணாடி வேண்டும். அதை மூக்குக்குக் கீழே படுக்கையாகப் பிடித்து மூச்சுவிடச் சொல்லுங்கள். இரண்டு இடத்தில் ஆவி படியும். பெரும்பாலும் ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக இருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் காற்றை விடுவதில்லை. ஒரு பக்கச் சவ்வு லேசாக வீங்கிக் காற்றைக் குறைக்கும், சில மணி நேரம் கழித்து மறுபக்கம் அப்படி ஆகும். "ஒண்ணு கொஞ்சம் ஓய்வு எடுத்துக்கும், இன்னொண்ணு வேலை செய்யும், அப்புறம் மாத்திக்கும்" என்று சொல்லலாம். காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புவதும் மூக்கின் வேலைதான். உள்ளங்கையில் வாயால் மெதுவாக 'ஹா' என்று ஊதினால் வரும் அந்த இளஞ்சூட்டைக் காட்டி, "உள்ள போற காத்தையும் மூக்கு இந்த மாதிரி சூடாக்கித்தான் அனுப்பும்" என்றால் பிடித்துக்கொள்வாள்.

ருசி பற்றிய கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சளி குறைந்ததும் அவளை உட்கார வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையான பழத்துண்டு ஒன்றை மெல்லச் சொல்லுங்கள். இனிப்பு மட்டும் தெரியும், என்ன பழம் என்று சொல்வது கடினம். மூக்கை விட்டதும் பழத்தின் மணம் சட்டென்று வந்துவிடும். நாக்கு இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலவற்றைத்தான் அறியும். மற்றதெல்லாம் வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் மணம். மூக்கடைத்தால் அந்த வழி மூடிவிடுகிறது, அவ்வளவுதான்.

உங்களுக்காக இன்னும் கொஞ்சம். மூக்குக்குள்ளே மேல்பகுதியில், தபால்தலை அளவுள்ள இடத்தில் வாசனையை அறியும் நரம்பணுக்கள் இருக்கின்றன. மனிதருக்கு இதற்கென்று ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள், அதாவது அந்த நரம்பணுக்களில் மணத்தைப் பிடித்து உணரும் நுண்ணிய அமைப்புகள். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. 400 வகையை வைத்து எப்படி அத்தனை மணங்களை அறிகிறோம்? 247 எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி எத்தனை சொற்கள் எழுதுகிறோமோ, அப்படித்தான். ஒவ்வொரு மணமும் சில ஏற்பிகளைச் சேர்த்துத் தூண்டும், அந்தச் சேர்க்கையை மூளை படித்துவிடும்.

மூக்கைப் பற்றிப் பேசிவிட்டால் குழந்தை அதற்குள் விரலை விட்டுத் தேடத் தொடங்கலாம். நடுச்சுவரின் முன்பகுதியில் மெல்லிய இரத்தக்குழாய்கள் நிறைய இருப்பதால், நகம் பட்டாலே சில்லுமூக்கு உடைந்துவிடும். அப்படி ஆனால் தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். உட்கார வைத்து, சற்று முன்னால் குனியச் சொல்லி, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அதன்பிறகும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், மணியோ பஞ்சோ ஏதோ உள்ளே போயிருக்கலாம். குச்சியால் நோண்ட வேண்டாம், இன்னும் ஆழமாகப் போய்விடும். பட்டன் பேட்டரி போட்டுக்கொண்டதாகச் சந்தேகம் வந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.